கிறிஸ்துமஸ் தாத்தா

கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் வெண்தாடி முதியவர். இலங்கைத் தமிழர் வழக்கில் நத்தார் தாத்தா. ‘நத்தார்’ என்பது ‘நத்தால்’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது.

இவருக்கு மூலவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித நிக்கோலாஸ். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா ஊரின் ஆயர். சீர் செய்ய வழியில்லாமல் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு தவித்த ஒரு தகப்பனின் வீட்டுக்குள், இரவோடு இரவாகப் பொன்முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. பெண்ணைப் பெற்ற எவருக்கும் விளக்கம் தேவைப்படாத கதை இது. நடுக்கடலில் புயலை அடக்கினார் என்றும் சொல்வார்கள். அதனால் மாலுமிகளின் பாதுகாவலரானார். 1087இல் அவருடைய எலும்புகளை இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுபோனவர்களும் மாலுமிகளே.

டச்சுக்காரர்களின் ‘சின்டர்கிளாஸ்’ இன்றும் கப்பலில்தான் வந்து இறங்குகிறார். அமெரிக்காவில் அந்தப் பெயர் சான்டா கிளாஸ் ஆனது. 1823இல் அங்கே ஒரு செய்தித்தாளில் வெளியான கவிதை, எட்டுக் கலைமான் பூட்டிய பனிவண்டியில் அவரை ஏற்றியது. கடல் அத்தோடு விட்டுப்போயிற்று. 1863 முதல் ஓவியர் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களில் தொந்தியும் தாடியும் நிலைத்தன. சிவப்பு அங்கி கோகோ கோலா தந்தது என்பது தவறு. 1931இல் அந்நிறுவனத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளாம் வரையும் முன்பே அது இருந்தது. உலகமெங்கும் பரப்பியது மட்டுமே விளம்பரத்தின் வேலை.

தமிழ்நாட்டின் தென்பகுதியில், சாயல்குடியை ஒட்டிய மூக்கையூர், வேம்பார் கடற்கரைகளில் கிறிஸ்தவம் இந்தத் தாத்தாவைவிட மிகப் பழையது. பரதவர்கள் 1530களிலேயே திருமுழுக்குப் பெறத் தொடங்கிவிட்டார்கள். தென் மாவட்டங்களில் தாத்தா வருவது பாடகர் குழுவோடுதான். டிசம்பர் இரவில் வீடு வீடாகப் பாடிப் போகும்போது, முகமூடியும் பஞ்சுத் தாடியும் போட்ட இளைஞர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஆடி, பையிலிருந்து மிட்டாய் அள்ளிக் கொடுப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் கை நீட்ட, சின்னது ஒன்று அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

இந்தக் கடற்கரைக்குப் பனிவண்டியைவிட அந்தப் பழைய மாலுமிகளின் புனிதரே நெருக்கமானவர். டிசம்பர் இங்கே புயல் மாதம். 1964இல் தனுஷ்கோடி அழிந்தது டிசம்பர் 22 நள்ளிரவில். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்கூட இல்லை. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. மிட்டாய் கொடுக்கும் கையோடு, புயலை அடக்கியவரின் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.