சிவந்த கண்ணும் பெயரிடும் அரசியலும்: கல்கத்தாவிலிருந்து ஒரு குறிப்பு

இம்மழைக்காலத்தில் எங்கள் விடுதியில் நால்வருக்குக் கண் சிவந்தது. வாயிற்காவலர் ஒரே சொல்லில் நோயை நிர்ணயித்துவிட்டார்: ‘ஜொய் பாங்ளா’. வங்காளத்தில் கண்நோய்க்கு ‘சோக் ஓட்டா’ என்ற பழைய பெயர் உண்டு. ‘கண் எழுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவிற்குள் வந்தபோது, கண்ணில் இரத்தம் கட்டும் தொற்று ஒன்று கல்கத்தாவில் பரவிற்று. அகதிகளின் விடுதலை முழக்கமே அந்நோய்க்குப் பெயராயிற்று. உண்மையில் அந்நோய் 1969இலேயே கானாவில் தோன்றியிருந்தது. நிலவுப் பயணத்தை ஒட்டி வந்ததால் அங்கே அதற்கு ‘அப்பல்லோ 11’ என்று பெயர். அகதி நோயைக் கொண்டுவந்தான் என்ற குற்றச்சாட்டை மட்டும் ஒரு பெயர் அரை நூற்றாண்டாகச் சுமந்து திரிகிறது. (‘மெட்ராஸ் ஐ’ என்பதைச் சென்னைவாசிகளே கூச்சமின்றிச் சொல்வது வேறு கதை.)

1971இன் நோய்க்குக் காரணம் வைரஸ். எனினும் பாக்டீரியா தாக்கினாலும் கண் அவ்வாறே சிவக்கும். ஏனெனில் சிவப்பு கிருமியின் நிறமன்று, உடலின் எதிர்வினை. இவ்வுண்மை தெளிந்த வரலாற்றில் கல்கத்தாவிற்குப் பக்கத்து இருக்கை உண்டு. 1883இல் காலராவைத் தேடி எகிப்து சென்ற ராபர்ட் கோக், அங்கே கண்நோயாளிகளின் சீழையும் நுண்ணோக்கியில் வைத்தார். சீழ் அணுக்களுக்குள்ளே மிகச்சிறு கோல்வடிவக் கிருமிகளைக் கண்டார். 1886இல் நியூயார்க்கின் ஜான் வீக்ஸும் அவற்றை விவரித்ததால் அவை ‘கோக்-வீக்ஸ் பாசில்லஸ்’ எனப்பட்டன. எகிப்தில் காலரா தணியவே, கோக் கப்பலேறி 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். காலராக் கிருமியை அவர் தனிப்படுத்தியது இந்நகரில்தான். கண்நோய் அவர் பயணத்தின் அடிக்குறிப்பாகிப் போயிற்று.

ஆனால் அந்த அடிக்குறிப்பில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருந்தது: கிருமி ஏன் சீழ் அணுவிற்குள் இருக்கிறது? வெள்ளணுக்கள் கிருமியை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்பதே அன்று பலர் கொண்ட கருத்து. அவை கிருமியை விழுங்கி அழிக்கின்றன என்று அதே 1883இல் வெளியிட்டவர் மெச்னிகாஃப். அழற்சி நோயன்று, தற்காப்பு என்ற வாதத்தை 1892இல் தனி நூலாகவே எழுதினார்.

‘அழற்சி’ என்னும் தமிழ்ச்சொல் அழலிலிருந்து பிறந்தது. வங்காளத்தின் ‘ப்ரதாஹ’வும் எரிதலே, தமிழில் நீர்வேட்கையாகிவிட்ட ‘தாகம்’ அவ்வேரின் மற்றொரு கிளை. நெருப்பு என்ற உருவகம் இங்கே பொருந்தவே செய்கிறது. அடுப்பில் எரிவதும் கூரையில் எரிவதும் ஒன்றல்ல. வெண்விழியை மூடிய மெல்லிய படலத்தில் எழும் அழற்சி பெரும்பாலும் சுவடின்றித் தணியும். கருவிழியில் பாக்டீரியா புகுந்தாலோ, அதை அழிக்க விரையும் வெள்ளணுக்கள் உமிழும் நொதிகள் கருவிழியின் கொலாஜன் இழைகளையும் கரைத்துவிடுகின்றன. கிருமி மாண்ட பின்பும் வெண்தழும்பு எஞ்சுகிறது.

அப்படியெனில் ஸ்டீராய்டு கொண்டு அழற்சியை அடக்கலாமா? இதற்கு விடை தேடிய பெருஞ்சோதனையின் முதன்மைக் களம் தமிழகத்து அரவிந்த் கண் மருத்துவமனைகள். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் உடன் நின்றது. பாக்டீரியாப் புண் உறுதியான 500 நோயாளிகளுக்கு முதலில் ஆன்டிபயாடிக், பின்னர் பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்க்கு வெறுஞ்சொட்டு. 2012இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இரு குழுவினரின் பார்வையிலும் பொதுவாக வேறுபாடில்லை. தொடக்கத்திலேயே பார்வை மிக மோசமாயிருந்தவர்க்குச் சிறிது பயன் தென்பட்டது. நோகார்டியா தாக்கியவர்க்கோ கேடு விளைந்தது. எந்தக் கிருமி என்றறியாமல் நெருப்பை அணைக்கவும் கூடாது போலும்.

எங்கள் நால்வரில் ஒருவர், கடையில் தானே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டுச் சொட்டை ஐந்து நாள் இட்டு வந்தார். சிவப்பு குறைந்தது, பார்வையும் மங்கிற்று. கருவிழியில் புண் என்றார் மருத்துவர். நேற்றுதான் கட்டைப் பிரித்தார்கள். வாயிற்காவலர் இன்னமும் ‘ஜொய் பாங்ளா’ என்றே விசாரிக்கிறார்.