ஏலமலை அடிவாரமும் கர்ப்பகால உணவின் வரலாறும்

போடிநாயக்கனூர், தேனி மாவட்டத்தில் ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நகரம். ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்தும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இவர்களைப் போன்ற உழைக்கும் பெண்கள் கர்ப்பகாலத்தில் என்ன உண்கிறார்கள் என்ற கேள்வி, மருத்துவ ஆய்விலும் அரசுத் திட்டங்களிலும் இடம்பெற்றது கடந்த நூறு ஆண்டுகளுக்குள்தான்.

லூசி வில்ஸின் ஆய்வு

1928-இல் ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் (1888–1964) பம்பாய்க்கு வந்தார். அங்கு ஜவுளி ஆலைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஏற்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். சத்துக் குறைந்த உணவு உண்டவர்களிடமே அந்நோய் மிகுந்திருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்ட கர்ப்பிணிகள் தேறினர். இம்முடிவை 1931-இல் வெளியிட்டார். அவர்களைத் தேற்றிய சத்து ஃபோலேட் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1941-இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

அரசுத் திட்டங்கள்

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் அது முதலில் செயல்படுத்தப்பட்டது. போடியும் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி மாவட்டம் 1996-இல் உருவானது. குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பதுடன், ஊட்டக்குறைவுக்கு ஆளாகக்கூடிய கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இத்திட்டம் துணை உணவு அளித்தது.

நல்ல உணவு வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. இதை உணர்ந்து, ஏழைத் தாய்மாரின் கூலி இழப்பையும் உணவுச் செலவையும் ஈடுசெய்ய, 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த உதவி, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்ந்தது.

காலத்தின் முக்கியத்துவம்

1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் எனக் காட்டியது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அதற்குள் அறிவதில்லை.

நம் ஊர்களில் பெரும்பாலும் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்திக் கலவைச் சோறு பரிமாறுகின்றனர். அந்த உபசாரம் தாய்க்கு நல்லதே. ஆனால் கீரையும் பயறும் நிலக்கடலையும் அவளது தட்டுக்கு அதற்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டும். மருத்துவர் ஆலோசனைப்படி மாத்திரையும் தொடங்கியிருக்க வேண்டும். விடியற்காலை ஜீப்பைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அவை உரிய காலத்தில் கிடைக்கின்றனவா என்பதே, இந்த நூறாண்டு முயற்சிகளின் பயனை அளக்கும் அளவுகோல்.