படம் புகுந்த கதைநூல்

வெண்பனி, சிண்டரெல்லா, செந்தொப்பிச் சிறுமி ஆகியோரின் கதைகளை நினைக்குந்தோறும் நம் மனக்கண்முன் முதலில் வந்து நிற்பவை சொற்களல்ல, படங்களே. காட்டுவழியிற் கூடையேந்திச் செல்லும் சிறுமியையும், கண்ணாடிப் பேழையுட் கிடக்கும் அரசிளங்குமரியையும் நாம் கதையாகக் கேட்டதினும் படமாகக் கண்டதே மிகுதி. ஆயினும், நேயர்களே, இக்கதைகளைத் தொகுத்த ஜேர்மானியச் சகோதரர் முதன்முதல் வெளியிட்ட நூலில் ஒரு படமேனும் இருந்ததில்லை.

யாக்கோப் கிறிம், வில்ஹெல்ம் கிறிம் என்னும் அவ்விருவரும் காசெல் நகரில் வாழ்ந்த மொழியறிஞர். நெப்போலியனின் தம்பி அந்நகரிலிருந்து அரசாண்ட காலம் அது. அயலாட்சியின்கீழ்த் தம் மக்களின் வாய்மொழிச் செல்வம் அழிந்துபோகுமோ என அஞ்சியே அவர்கள் கதைகளைத் திரட்டினர். 1812 ஆம் ஆண்டு டிசெம்பரில், 86 கதைகள் கொண்ட முதற்பாகம் பேர்லினில் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் 900 மட்டுமே. 1815 இல் இரண்டாம் பாகம் தொடர்ந்தது. நூற்பெயரிற் குழந்தைகள் என்னுஞ் சொல் இருந்தபோதிலும், ஆராய்ச்சிக் குறிப்புகள் நிறைந்த அந்நூல் கற்றோர்க்கே பெரிதும் ஏற்றதாயிருந்தது. அச்சேற்றுமாறு தூண்டிய நண்பர் ஆக்கிம் வொன் ஆர்ணிமே படமில்லாமையை ஒரு குறையாகச் சுட்டினார்.

1819 இல் வந்த இரண்டாம் பதிப்பிலே படம் மெல்லப் புகுந்தது. சகோதரரின் இளவலும் ஓவியருமான லுட்விக் எமில் கிறிம், பாகத்துக்கொன்றாக முகப்போவியம் வரைந்தார். ஒன்று, கதையொன்றின் காட்சியைக் காட்டுவது. மற்றையது, காசெல் நகருக்கு அணித்தான சிற்றூரொன்றில் வாழ்ந்து, பல கதைகளைச் சொல்லியுதவிய டொறதேயா வீமான் என்னும் மூதாட்டியின் உருவம். கதையைச் சொன்னவளுக்கும் நூலின் முகப்பில் இடமளித்த அப்பண்பு போற்றற்குரியது.

பெருமாற்றம் இலண்டனிலிருந்து வந்தது. 1823 இல் எட்கார் ரெயிலர் என்னும் வழக்கறிஞர் அக்கதைகளிற் சிலவற்றை ஆங்கிலமாக்கி, கடுமையான பகுதிகளைத் தணித்து, ஜோர்ஜ் குறுக்ஷாங்கின் நகைச்சுவை ததும்பும் சித்திரங்களுடன் வெளியிட்டார். அந்நூல் விரைந்து விற்பனையாயிற்று. அதனை அறிந்த வில்ஹெல்ம், தம் வெளியீட்டாளருக்குக் கடிதம் எழுதி, விலை குறைந்த சிறு பதிப்பொன்று வேண்டுமென்றார். அவ்வாறே 1825 இல், தேர்ந்தெடுத்த 50 கதைகளும், லுட்விக் எமில் வரைந்த 7 செப்புத்தகட்டுச் சித்திரங்களும் கொண்ட சிறு பதிப்பு வெளிவந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளில் அது பத்து முறை பதிப்பிக்கப்பட்டது. கிறிம் கதைகளை இல்லந்தோறும் சேர்ப்பித்ததில் அச்சிறு நூலுக்குப் பெரும்பங்குண்டு.

நூல் குழந்தைகளை நோக்கித் திரும்பத் திரும்ப, கதைகளும் மாறின. 1812 ஆம் ஆண்டு நூலில், வெண்பனியின் அழகைக் கண்டு பொறாமை கொண்டு அவளைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாயே. 1819 இல் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பஞ்சத்திற் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் தூண்டிய ஹான்ஸல், கிரெட்டல் ஆகியோரின் தாயும் 1840 ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாயானாள். தாய்மையின் தூய்மையைக் காக்க எண்ணி வில்ஹெல்ம் இவ்வாறு செய்தார் எனலாம். பின்வந்த ஓவியர் பலர் அம்மாற்றாந்தாய்க்குக் கொடிய முகத்தையும் கொடுத்தனர். சொல்லால் ஏற்பட்ட பழி படத்தால் நிலைபெற்றது.

இது சிறு செய்தியன்று. மாற்றாந்தாயின் அன்பில் வளரும் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். கதைப்புத்தகத்தை விரித்து அக்கொடிய முகத்தை வகுப்பினர் அனைவருக்கும் காட்டுகையில், ஒரு பிள்ளை மட்டும் தலைகுனிந்திருப்பதை ஆசிரியராகிய நாம் கவனித்ததுண்டா? பல ஆண்டுகள் நான் கவனித்தேனல்லேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றேன்.

ஆகவே படநூல் வேண்டாவென்பது என் கருத்தன்று. படமின்றேல் இக்கதைகள் அறிஞரின் அலுமாரிகளிலேயே தூங்கியிருக்கும். நான் வேண்டுவது ஒன்றே: புத்தகத்தை விரிப்பதற்குமுன் கதையை நம் வாயாற் சொல்லுவோம். கேட்கும் பிள்ளை தன் மனத்திலே தானே ஒரு படத்தை வரைந்துகொள்ளட்டும். கதை சொல்லும்போது எதிரேயிருக்கும் முகங்களை நாமும் பார்க்கலாம். எங்கே குரலைத் தணிக்க வேண்டும், எங்கே ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்பதை அம்முகங்களே உணர்த்தும். அச்சிட்ட படத்துக்கு அந்தக் கண் இல்லை. டொறதேயா வீமான் போன்ற கதைசொல்லிகளுக்கு அது இருந்தது.