ஒப்பந்தத்தின் விளிம்பில் நின்ற பெண்கள்

சங்கமும் முதலாளிகளும் பேசி முடிக்கும் கூலி, அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத ஆலைகளையும் கட்டுப்படுத்தும் என்று அரசு ஆணையிடலாம். தென்னாப்பிரிக்காவில் 1924ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம் இந்த அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தது. கூலியைக் குறைத்துப் போட்டியிடுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அச்சட்டம் 'தொழிலாளி' என்று வரையறுத்தவர்களில், பாஸ் என்னும் அனுமதிச்சீட்டைச் சுமந்த கறுப்பின ஆண்கள் இல்லை.

கறுப்பினப் பெண்கள் அப்போது பெரும்பாலும் பாஸ் சுமக்கவில்லை. எனவே அவர்களும் தொழிலாளர்களே என்று 1944இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தையல் ஆலைப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்கு உரிமை பெற்றார்கள். ஒன்பது ஆண்டுகள்தான். 1953இல் புதிய சட்டம் அந்தக் கதவை அடைத்தது. 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பாஸை எதிர்த்து பிரிட்டோரியாவில் அணிவகுத்தபோது, பாஸ் என்பது கூலியையும் தீர்மானிக்கும் என்பது தையல் ஆலைப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பின்னர் நிறவெறி அரசு, கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த 'தாயகங்களின்' ஓரத்துக்கு மானியம் கொடுத்து ஆலைகளை வரவழைத்தது. நியூகாசில் அப்படி வளர்ந்த நகரங்களில் ஒன்று. மலிவான பெண் உழைப்பே அங்கே மூலதனம்.

1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் யாரையும் நிறத்தால் விலக்கவில்லை. ஒப்பந்த நீட்டிப்பும் தொடர்ந்தது. சிறு நகரங்களுக்கு ஆடைத் தொழில் ஒப்பந்தம் வகுத்த கூலி கேப் டவுன் கூலியைவிடக் குறைவு. நியூகாசில் ஆலைகள் பல அதையும் கொடுக்கவில்லை. 2010இல் பேரக் குழு அவற்றை மூட முனைந்தபோது, எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் அங்கே வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். 2013இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஒப்பந்த நீட்டிப்பை ரத்து செய்தது.

பொருளியலாளர் ஜெரமி மக்ரூடர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பந்தம் செல்லும் பகுதிகளையும் அவற்றை ஒட்டியுள்ள பகுதிகளையும் ஒப்பிட்டார். ஒப்பந்தம் உள்ள தொழிலில் வேலைவாய்ப்பு 8 முதல் 13 சதவீதம் குறைந்தது. இழப்பு சிறு நிறுவனங்களில் குவிந்தது என்பது அவர் முடிவு.

இந்த இழப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்த கூலிக்குச் சம்மதித்த பெண்ணின் சம்மதத்தை மட்டும் சான்றாகக் காட்டுவது, அவளை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திய சட்டங்களை மறைப்பதாகும். கூலியின் தரைமட்டம் தேவை. அதை நிர்ணயிக்கும் மேசையில், வேலை பறிபோனால் முதலில் பட்டினி கிடக்கப்போகிறவளுக்கும் ஒரு நாற்காலி தேவை.