மாஹிம் பாலமும் அபின் மீட்பு மருத்துவமும்

முன்னுரை

'ஓபியோன்' என்னும் கிரேக்கச் சொல் அரபு மொழியில் 'அஃப்யூன்' எனத் திரிந்து, தமிழில் 'அபின்', 'அபினி' என வழங்கலாயிற்று. தமிழர் அடுக்களையில் பயன்படும் கசகசா, அபின் தரும் அதே செடியின் விதையாகும். அபினுக்கும் மும்பை மாஹிம் பகுதிக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பையும், அபின்வகைப் பொருள்களுக்கு ஆட்பட்டோரை மீட்கும் மருத்துவ முறைகளின் வளர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

வாணிகமும் கொடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாளவ அபின் பம்பாய்த் துறைமுகம் வழியே சீனத்துக்கு ஏற்றுமதியாயிற்று. அவ்வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர்களுள் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் (1783-1859) குறிப்பிடத்தக்கவர். மாஹிமையும் பாந்திராவையும் இணைக்கும் பாலம் அவர்தம் துணைவியார் அவாபாயின் கொடையால் அமைந்து 1845இல் திறக்கப்பட்டது. 1893இல் அமைக்கப்பட்ட அரச அபின் ஆணையம், இந்தியாவில் அபின் நுகர்வைத் தடைசெய்யத் தேவையில்லை என 1895இல் முடிவு கூறியது. அக்கால அரசுக் கொள்கையில் வருவாய்க்குக் கிடைத்த இடம் மருத்துவத்துக்குக் கிடைக்கவில்லை எனலாம்.

மீட்பு நெறிகள்

1980களில் 'பிரவுன் சுகர்' எனப்பட்ட ஹெராயின் மும்பையில் பரவியது. பாலத்தின் மறுகரையான பாந்திராவில் அருட்தந்தை ஜோசப் பெரேரா 1981இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னர், சென்னையில் சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் பெயரில் மீட்பு நிலையம் நிறுவியிருந்தார். நஞ்சகற்றலும் ஆற்றுப்படுத்தலும் வழியாக அறவே விலகச் செய்தல் இத்தகு நிலையங்களின் நெறியாகும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் தண்டனையை முதன்மைப்படுத்தினும் சிகிச்சைக்கும் இடமளித்தது.

எனினும் நஞ்சகற்றல் மட்டும் போதுமானதன்று. விலகியிருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைவதால், மீண்டும் பழைய அளவை எடுப்போர் மூச்சடங்கி இறக்க நேரிடுகின்றது. இவ்விடத்தில்தான் மாற்று மருந்து முறை முக்கியத்துவம் பெறுகின்றது. 1965இல் நியூயார்க்கின் டோல், நிஸ்வாண்டர் ஆகியோர் மெத்தடோன் கொண்டு இதன் பயனைக் காட்டினர். நாவின் அடியில் வைக்கப்படும் பியூப்ரினார்ஃபின் ஏக்கத்தைத் தணித்து, நோயாளி அன்றாட வாழ்வை மேற்கொள்ளத் துணைசெய்கின்றது. இவ்விரண்டையும் 2005இல் உலக நலவாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டமும், ஊசிவழித் தொற்றைத் தடுக்கும் பொருட்டு இம்முறையை ஏற்றது.

முடிவுரை

இந்தியாவில் அபின்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடியர் என 2019இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. மாற்று மருந்தை 'ஒரு போதைக்கு மற்றொரு போதை' என ஒதுக்கும் போக்கு, இவர்களுள் சிகிச்சை வேண்டுவோரை உயிர்காக்கும் மருந்திலிருந்து விலக்கிவிடும். தமிழில் வழங்கும் 'போதை அடிமை' என்னும் தொடரும் நோயாளியை இழிவுபடுத்துகின்றது. 'சார்புநோய்' போன்ற கலைச்சொல்லை வழக்கிற்குக் கொணர்தல் தமிழாய்வாளர் கடன் எனலாம்.