பட்டியைக் கழற்றியவர்களும் குழாயைத் திறந்தவர்களும்

மோட்டார் காரிலிருந்து வளிச்சீராக்கியைக் கழற்றுவது இன்று நேற்றுத் தொடங்கிய வேலையல்ல. வளிச்சீராக்கி காருக்குள் புகுந்த காலத்திலேயே அதைக் கழற்றும் வேலையும் தொடங்கிவிட்டது.

1939 நவம்பரில் சிக்காகோவில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில், அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டுக்குரிய தனது கார்களில் இவ்வசதியை அறிமுகம் செய்தது. மேலதிக விலை 274 டொலர். குளிர்விக்கும் பாகம் பின்புறப் பொதியறையின் பாதியை விழுங்கிவிட்டது. வெப்பநிலையைச் சீராக வைத்திருக்க ஏற்பாடு எதுவும் இல்லை. கொம்பிரசரை இயந்திரத்தோடு இணைக்கவும் விடுவிக்கவும் இன்று கிளச் உண்டு. அன்று அதுவும் இல்லை. இயந்திரம் ஓடினால் கொம்பிரசரும் ஓடியே தீரும். ஆகவே குளிர்காலம் வந்ததும் காரை நிறுத்தி, பொனற்றைத் திறந்து, கொம்பிரசரைச் சுழற்றும் பட்டியைக் கையால் கழற்றி வைத்தார்கள். கோடையில் திரும்பவும் மாட்டினார்கள். 274 டொலர் கொடுத்தவருக்கு இது தண்டனைதான். சில ஆண்டுகளிலேயே பக்கார்ட் இதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

பட்டியைக் கழற்றியவர்களால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. குழாயைத் திறந்தவர்களின் கதை வேறு.

1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு போன்றவையே பயன்பட்டன. அவை கசிந்து வீடுகளில் உயிர்கள் பறிபோயின. இதற்கு மாற்றாக, ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளரான தோமஸ் மிட்ஜ்லியும் அவரது சகாக்களும் கண்டுபிடித்ததே பின்னர் ஆர்-12 எனப் பெயர்பெற்ற வாயு. 1930இல் அறிஞர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, வெளிவிட்ட மூச்சினால் மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீப்பிடிக்கவும் மாட்டாது. (பெற்றோலில் ஈயம் கலக்கும் வழியை 1921இல் கண்டவரும் இதே மனிதர்தான். அவரது இரு கண்டுபிடிப்புகளையும் உலகம் பிற்பாடு தடைசெய்ய வேண்டியதாயிற்று.)

1950களில் வளிச்சீராக்கி மீண்டும் கார்களுக்கு வந்தது. 1969இல் அமெரிக்காவில் விற்பனையான புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது இருந்தது. கோளாறு என்றால் திருத்துநர் முதலில் செய்தது குழாய்ப் பூட்டைத் தளர்த்தி வாயுவை வெளியே விடுவதுதான். மலிவான, நஞ்சற்ற வாயுவைப் பிடித்து வைப்பானேன்?

அந்தக் கேள்விக்கான பதில் 1974இல் வந்தது. இவ்வாயுக்கள் கீழ்வளியில் அழியாமல் மேலே சென்று, அங்கே குளோரினை விடுவித்து ஓசோனைச் சிதைக்கும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மரியோ மொலினாவும் ஷேர்வுட் றோலண்டும் எழுதினர். உற்பத்தியாளர்கள் இதை ஏற்க மறுத்தார்கள். 1985இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அந்தாட்டிக்கா வானில் ஓசோன் மெலிந்திருப்பதைக் கண்டறிந்தபோது மறுப்புக்கு இடமில்லாமற் போயிற்று. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. வளர்ந்த நாடுகள் 1995 முடிவிலும், ஏனைய நாடுகள் 2010இலும் ஆர்-12 உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் நாட்டில் 1977இன் பின்னர் யப்பானிலிருந்து பாவித்த கார்கள் வந்து குவிந்தன. 1995க்கு முந்திய கார்களில் வளிச்சீராக்கி இருந்தால், அதனுள் இருந்தது பெரும்பாலும் ஆர்-12. (பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கழற்ற அவற்றில் ஒன்றுமில்லை.) அந்தக் கார்கள் முதுமையடைய, கொம்பிரசர் இறுகியது, வாயுவும் கிடைக்கவில்லை. எண்ணெயையும் பூட்டு வளையங்களையும் மாற்றி ஆர்-134ஏ என்ற புதிய வாயுவுக்கு மாறலாம். அதற்குச் செலவிட விரும்பாதவர்கள், இயந்திரத்தின் சுமையாவது குறையட்டும் என்று முழுவதையும் கழற்றச் சொல்கிறார்கள்.

கழற்றுவதில் தவறில்லை. எதை முதலில் கழற்றுகிறார்கள் என்பதே கேள்வி. வாயுவை அதற்குரிய இயந்திரத்தினால் உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்த்த பின்னரே குழாயில் கை வைக்க வேண்டும். பிறகு கொம்பிரசர், றேடியேற்றருக்கு முன்னாலுள்ள சுருள், உலர்த்தி, உள்ளே இருக்கும் குளிர்விப்பான் என்று ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒரே பட்டி எல்லாவற்றையும் சுழற்றும் காராயின், கொம்பிரசர் இருந்த இடத்தில் வெற்றுச் சக்கரம் ஒன்று வேண்டும், அல்லது குட்டையான பட்டி வேண்டும். குழாய்கள் உட்புகுந்த துவாரங்களை அடைக்காவிட்டால் புகை உள்ளே வரும். இவை எந்தக் கைதேர்ந்த திருத்துநருக்கும் தெரிந்தவை. உறிஞ்சும் இயந்திரம் இல்லாத இடத்தில்தான் 'ஸ்ஸ்' என்ற ஓசையோடு வேலை தொடங்குகிறது.

அந்த ஓசை சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தங்கும். பழைய கார் ஒன்றில் இருப்பது சுமார் ஒரு கிலோகிராம். புவியைச் சூடாக்குவதில் அது பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதாவது நான்காயிரம் லீற்றருக்கு மேல் பெற்றோல் எரித்த கணக்கு. ஆர்-134ஏயில் குளோரின் இல்லை. ஆனாலும் அது காபனீரொட்சைட்டைப் போல ஆயிரத்துக்கு மேற்பட்ட மடங்கு சூடாக்க வல்லது. அதனாலேயே 2016இல் கிகாலித் திருத்தம் அதையும் வளைத்துப் பிடித்தது.

பத்திரிகைகளில் ஓசோன் என்றால் துருவப் படமொன்று வரும். கராஜ் வாசலில் நடப்பது செய்தியாவதில்லை. அமெரிக்காவிலோ கார் திருத்தும்போது இவ்வாயுவை வெளியே விடுவது 1992 முதல் குற்றம். பழைய கார்களை மூலவடிவம் மாறாமல் பேணுவோர், கழற்றிய கார்களிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஆர்-12ஐ அங்கே நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தாட்டிக்காவுக்கு மேலுள்ள ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்ப 2066 அளவில் ஆகும் என்கிறது 2022ஆம் ஆண்டுக்குரிய ஐ.நா. அறிவியல் மதிப்பீடு.