'ரூம் பாய்' என்றால் யார்? 50 வயதுக்காரருக்கும் அந்தப் பெயர் ஏன்?

ரெட்டிபாளையம் பக்கம் 'ஹோட்டல் எங்கே இருக்கு?' என்று கேட்டால், சாப்பாட்டுக் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். தங்குவதற்கு அரியலூர் டவுன் லாட்ஜ். அங்கே ரூம் போட்டு, பெட்ஷீட் மாற்றணும் என்று ரிசப்ஷனில் சொன்னால் "ரூம் பாய அனுப்புறோம் சார்" என்பார்கள். கதவைத் தட்டுபவர் தலை நரைத்தவராகவும் இருப்பார்.

அறையைக் கூட்டுவது, பாத்ரூம் கழுவுவது, போர்வை மாற்றுவது, நடுவில் டீ வாங்கி வருவது, எல்லாமே ரூம் பாய் வேலை. இதே வேலையைப் பெண்கள் செய்தால் தனிப் பெயர்கூட கிடையாது. 'கிளீன் பண்ற அக்கா', அவ்வளவுதான்.

பாய் என்றால் சிறுவனா?

ஆங்கிலத்தில் சிறுவன்தான். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டு வேலைக்காரரை, அவருக்கு என்ன வயதானாலும், 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். 1886-ல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று வேலைக்காரர். இன்னொன்று பல்லக்குத் தூக்குபவர். இந்த இரண்டாவது, ஆங்கிலச் சொல்லே இல்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் உள்ள 'போயி' என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்கிறது அந்த அகராதி.

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 'கடைப் பையன்', 'எடுபிடிப் பையன்' எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சுதானே!

அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை 'பாய்' என்று அழைப்பது பெரிய அவமானம். 1968-ல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளை ஏந்தித்தான் ஊர்வலம் போனார்கள்.

ஆங்கிலத்தில் பெண் பணியாளருக்கு 'சேம்பர்மெய்ட்' என்ற பழைய பெயர் உண்டு. இதில் வரும் சேம்பர், அறையைக் குறிக்கும் 'கேமரா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. போட்டோ எடுக்கும் கேமராவுக்கும் அதே மூலம்தான். இப்போது பெரிய ஹோட்டல்களில் 'ஹவுஸ்கீப்பிங்' என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஹோட்டல், தாபா, ரிசார்ட்டுகளில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்க 2006 அக்டோபர் 10 முதல் தடை இருக்கிறது. 2016 சட்டத் திருத்தம் அந்தத் தடையை எல்லாத் தொழில்களுக்கும் நீட்டித்தது. ஆக, சிறுவன் அந்த வேலையில் இருக்கவே கூடாது. பெயரில் மட்டும் இருக்கிறான்.

'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என 2020-ல் தமிழ்நாடு அரசு மாற்றியது. லாட்ஜ் வாசல்களில் இன்னமும் 'ரூம் பாய் தேவை' போர்டுதான்.